கொல்லிமலைக்கு மேலே இரண்டு வெள்ளி

கரையில் கால் வைத்ததுமே என்னைத் துப்பாக்கி கடத்துகிறவன் என்று பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். பெட்டிக்குள் வேட்டியில் சுற்றி வைத்திருந்த பித்தளைத் தொலைநோக்கிதான் காரணம். இரண்டு முனையிலும் கண்ணாடி இருக்கிறதே ஐயா, இதைக் கொண்டு யாரைச் சுட முடியும் என்று கேட்டேன். "அப்போ எதுக்கு?" என்றார் சுங்க அதிகாரி. கிரகம் பார்க்க என்றேன். அவர் பக்கத்து மேஜைக்காரரிடம், "ஊர் ஜனம் சோத்துக்குத் தாளம் போடுது, இவர் கொழும்பிலேருந்து கிரகம் பார்க்க வந்திருக்காராம்" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் ரயில் ஊதிக்கொண்டிருந்தது. கோபத்தைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு ஓடினேன்.

நான் ஊர் சுற்றுகிற ஆசாமி இல்லை. கொழும்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மழை இல்லாத சாயங்காலம் தொலைநோக்கி, மழை பெய்தால் தூக்கம். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிற வழக்கமே எனக்குக் கிடையாது. இந்த ஓணானை என் மடியில் விட்டவர் சேலத்தில் வக்கீலாக இருக்கும் சுந்தரம், என் தங்கை புருஷன். "ஒருத்தன் கழுத்தில் கயிறு விழப்போகிறது. தடுக்க வேண்டுமானால் வானத்தைப் படித்த ஒருவர் கூண்டில் ஏறவேண்டும். உள்ளூர் ஜோசியரை ஏற்றினால் சர்க்கார் வக்கீல் சிரித்தே கவிழ்த்துவிடுவார். நீங்கள் வந்தே தீரவேண்டும்" என்று எழுதியிருந்தார். கயிறு என்று படித்த பிறகு எப்படி வராமல் இருப்பது?

ரயில் சேலத்தை நெருங்க நெருங்க ஜன்னலில் பச்சை குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் கருவேல முள்ளும் கல்லும்தான் மிச்சம். கொழும்பில் இந்த மாதத்தில் குடை இல்லாமல் தெருவில் இறங்க முடியாது. இங்கே ஆடிக் காற்று மண்ணை வாரி என் இட்லிமேல் தூவியது. எதிர்ப் பலகையில் உட்கார்ந்திருந்த குடியானவர் ஒருவரிடம், விதைப்பு எல்லாம் எப்படி என்று மரியாதைக்குக் கேட்டுவைத்தேன். "ஆடிப் பட்டம் தேடி விதைன்னு சொல்லுவாங்க. விதைக்கறதுக்கு விதை வேணுமில்லீங்களா? அதையத்தான் சித்திரையிலேயே வறுத்துத் தின்னுபோட்டமே" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் இட்லிப் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டேன்.

சேலத்தில் தங்கை வைத்த குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே சுந்தரத்திடம் வழக்கைக் கேட்டேன். சாப்பிடும்போது கேட்கக்கூடாத கதை.

அண்ணன் நாச்சிமுத்து, தம்பி செங்கோடன். சேந்தமங்கலத்துக்கு அப்பால், கொல்லிமலை அடிவாரத்தில் விவசாயம். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரே கிணறு. தம்பி சின்ன வயசிலேயே கப்பலேறி, எங்கள் கொழும்புத் துறைமுகத்தில் வருஷக்கணக்காக நிலக்கரி சுமந்துவிட்டு, நெஞ்சு கெட்டுத் திரும்பியவன். தை மாதம் பாகம் பிரித்தார்கள். நிலத்தைக் கயிறு போட்டுப் பிரித்துவிடலாம். தண்ணீரை எப்படிப் பிரிப்பது? அந்தப் பக்கத்துக்குக் கடிகாரம் வானம்தான். அந்தி சாய்ந்ததிலிருந்து கிழக்கே வெள்ளி முளைக்கிற வரை அண்ணன் மாடு கட்டி இறைத்துக்கொள்வது. வெள்ளி முளைத்ததிலிருந்து உச்சிப்பொழுது வரை தம்பி இறைத்துக்கொள்வது. அப்புறம் கிணறு ஊறுவதற்கு விட்டுவிடுவது. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் இப்படிப் பேசி முடித்தார்கள்.

பங்குனியில் ஒரு நடுச்சாமத்தில் தம்பி தன் மாடுகளை ஓட்டிக்கொண்டு கிணற்றடிக்கு வந்தான். வெள்ளி முளைத்தாயிற்று, உன் மாட்டை அவிழ் என்றான். அது வெள்ளி இல்லை என்றான் அண்ணன். அன்றைக்கு மட்டும் நடந்த வாய்ச்சண்டை இல்லை இது. அதற்கு முன்பே பல நாள் புகைந்தது. ஊர்க்காரர்களிடம் கேட்டால், "ஆளுக்கொண்ணு காட்டுனாங்க, ரெண்டும் பளபளன்னுதான் இருந்துது" என்று ஒதுங்கிக்கொண்டார்கள். ஐந்து வயதில் அண்ணன் தம்பி, பத்து வயதில் பங்காளி. நடுவில் போய் யார் மாட்டிக்கொள்வது? அந்த ராத்திரி தம்பி கையிலிருந்த தடி அண்ணன் தலையில் இறங்கியது. அண்ணன் கிணற்றுக்குள் போனான். தண்ணீர் நிறைய இருந்திருந்தால் பிழைத்திருப்பானோ என்னவோ, பாறைமேல் விழுந்தான்.

"நடுச்சாமத்தில் எங்கேயாவது வெள்ளி முளைக்குமா, கொல்வதற்கென்றே வந்தவன் சாக்குச் சொல்கிறான் என்கிறது சர்க்கார் கட்சி" என்றார் சுந்தரம். "அதை நம்பினால் தூக்கு. தன் முறை வந்துவிட்டதென்று நிஜமாகவே நம்பிப் போனவன், சண்டையில் கை நீண்டுவிட்டது என்றால் ஜெயிலோடு போகும். இவ்வளவுதான் மச்சான் வழக்கு."

"அவன் எப்படி இருக்கிறான்?"

"அதுதான் ஆச்சரியம். நன்றாகச் சாப்பிடுகிறான், நன்றாகத் தூங்குகிறான். 'தண்ணிக் களவாணி ஒழிஞ்சான். என்னைத் தூக்குல போட்டாலும் நாயம் எம்பக்கம்'கிறான். அண்ணன் என்ற வார்த்தையே அவன் வாயில் வருவதில்லை. களவாணிதான்."

வரும் முன்பே நான் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தேன். கணக்குக்கூட வேண்டாம், தை மாதத்தில் என் கண்ணாலேயே பார்த்தது அது. விடியற்காலையில் வெள்ளியும் குருவும் கீழ்வானத்தில் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றன. அப்புறம் பிரிந்தன. வெள்ளி என்பது சூரியனை விட்டு வெகுதூரம் போகாத கிரகம். நாளுக்கு நாள் கீழே இறங்கி விடியல் வெளிச்சத்துக்குள் நுழைந்துகொண்டது. குருவுக்கு அந்தக் கட்டு கிடையாது. தினமும் கொஞ்சம் முன்னதாக, கொஞ்சம் முன்னதாக என்று எழுந்து, பங்குனிக் கடைசியில் நடுச்சாமத்திலேயே கிழக்கே வந்துவிட்டது. பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு விளக்கில் அண்ணன் ஒன்றைப் பிடித்துக்கொண்டான், தம்பி இன்னொன்றைப் பிடித்துக்கொண்டான். தம்பியைக் குற்றம் சொல்லவும் முடியாது. துறைமுகத்தில் சங்கு ஊதினால் வேலை, சங்கு ஊதினால் சோறு. வானத்தை அண்ணாந்து பார்க்கிற அவசியமே இல்லாமல் வருஷங்களை ஓட்டியவன் அவன்.

ஆனாலும் இடத்தைப் பார்க்காமல் சத்தியம் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் மோட்டார் பஸ்ஸில் ஏறினோம்.

அந்த மோட்டாரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் முதுகு என்னை மன்னிக்காது. பாதி வழியில் முன்னாலிருந்து ஆவி பொங்கிக்கொண்டு வந்து வண்டி நின்றுவிட்டது. தண்ணீர் ஊற்றவேண்டும். டிரைவர் தகரத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். ஒரு அம்மாள், "ஊட்டுல மனுசங்களுக்கே இல்லீங்க, மோட்டாருக்கு எங்க போறது?" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். கடைசியில் பின்பலகையில் கள் பானையோடு உட்கார்ந்திருந்த ஒருவர் மனம் இளகினார். கள்ளை வாங்கி வண்டிக்குள் ஊற்றினார்கள். "இனிமே இது நேராப் போவுதான்னு பாத்துக்குங்க" என்றார் கள் கொடுத்தவர். வண்டி முழுக்கப் புளித்த நாற்றம். எல்லோரும் சிரித்தோம். சந்தைக்குப் போய்த் திரும்புகிற ஒரு கிழவர் மட்டும் சிரிக்கவில்லை. மாட்டை ஓட்டிக்கொண்டு போனவர் கயிற்றை மட்டும் கையில் வைத்திருந்தார்.

சேந்தமங்கலத்திலிருந்து ஒற்றை மாட்டு வண்டி. செங்கோடன் வீட்டை அடைந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. வீடு என்பது ஒரே வாசலைப் பார்த்த இரண்டு கூரை. வாசலின் நடுவே முள்ளை வெட்டிப் போட்டு வேலி கட்டியிருந்தார்கள். இந்தப் பக்கம் செங்கோடன் பெண்சாதி பாவாயி. அந்தப் பக்கம் வெள்ளைச் சேலையில் நாச்சிமுத்துவின் பெண்சாதி நல்லம்மாள். ஒரு வாசலைக் கூட்டுகிறவர்கள், பங்குனியிலிருந்து ஒருவரோடொருவர் பேச்சில்லை.

"வாங்க சாமி" என்று பாவாயி கம்மங்கூழ் கரைத்து வைத்தாள். பக்கத்தில் ஒரு டம்ளரில் பாதி தண்ணீர். கையைக் கழுவட்டுமா, குடிக்கட்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு தண்ணீரைக் குடித்தேன். கொழும்பில் என் கால் கழுவுவதற்கு நான் கொட்டுகிற தண்ணீர் ஞாபகம் வந்து வெட்கமாக இருந்தது.

கிணற்றைப் போய்ப் பார்த்தேன். இறைப்பு நின்று போய், தண்ணீர் மொள்ளுகிற சாலின் தோல் காய்ந்து விறைத்துக் கிடந்தது. கீழே பாறையும், பாறை இடுக்கில் நாலு குடம் தேறுமா என்கிற தண்ணீரும். இதற்கா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். சுந்தரம் என் தோளைத் தொட்டுக் கிழக்கே காட்டினார். கொல்லிமலை அங்கே சுவர் எழுப்பினது மாதிரி நின்றது. எனக்கு விஷயம் தெளிவாகிவிட்டது. பங்குனியில் வெள்ளி மலைக்குப் பின்னால் எழுந்து, மலையைத் தாண்டித் தலை காட்டுவதற்குள் பாதி விடிந்திருக்கும். தம்பியின் பார்வையில் பார்த்தால், பொழுது விடியப் போகிற நேரத்தில் அண்ணன் ஏதோ ஒரு மங்கல் பொட்டைக் காட்டி இதுதான் வெள்ளி என்கிறான். ராத்திரி முழுக்க ஊறியதை அவன் இறைத்துக்கொண்டு, அடிமண்ணைத் தம்பிக்கு விடுகிறான். யாருக்குத்தான் கொதிக்காது?

அந்தி மங்கியதும் மேகம் கொஞ்சம் விலகியது. வெள்ளி அப்போது சூரியனோடு மறைந்திருந்தது. காலையிலும் இல்லை, மாலையிலும் இல்லை. குரு மட்டும் தெற்குப் பக்கமாக உயரத்தில் ஏறி நின்றுகொண்டு, ஒன்றும் அறியாத பிள்ளை போல் எரிந்துகொண்டிருந்தது. தொலைநோக்கியை ஒரு பெரிய கல்லின்மேல் நிறுத்தினேன். அன்றைக்கு நடுச்சாமத்தில் வந்தது இதுதான் என்றதும் பாவாயி வந்து குனிந்து பார்த்தாள்.

"உருண்டையாட்டம் இருக்குதுங்க. பக்கத்துல பொட்டுப் பொட்டா என்னமோ."

"அதுவெல்லாம் அதன் நிலாக்கள் அம்மா. நமக்கு ஒரு நிலா, அதற்கு நிறைய. பெரிசு நாலு, ஒன்று இப்போது பின்னால் மறைந்திருக்கிறது."

"இதுக்குக் குஞ்சு குட்டி வேற இருக்குதுங்களா?" என்றாள். கண்ணை எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். "எங்குடியக் கெடுத்துப்போட்டு அது குடும்பத்தோட நல்லாத்தான் இருக்குது."

எனக்குப் பின்னால் முள் வேலி சரசரத்தது. நல்லம்மாள் நின்றுகொண்டிருந்தாள். பாவாயியைப் பார்க்காமல் என்னை மட்டும் பார்த்துக் கேட்டாள். "ஏனுங்க, அன்னிக்கு நடுச்சாமத்துல வந்தது இதுதானுங்களா? வெள்ளி இல்லீங்களா?"

"இதுதான் அம்மா. இது குரு."

"அப்ப எங்கூட்டுக்காரரு சொன்னதுதான் நெசம்."

"ஆமாம்."

அவள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அப்புறம் சொன்னாள். "இதையக் கோர்ட்டுல சொல்லுங்க சாமி. அவன் தூக்குல தொங்குனாலும் தொங்காட்டியும் எனக்கொண்ணுமில்லீங்க. எங்கூட்டுக்காரரு களவாணி இல்லீன்னு ஒருத்தராவது சபையில சொல்லோணும்." சொல்லிவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

ராத்திரி வண்டி பூட்டும்போது பாவாயி என்னிடம் தனியாக வந்தாள். நீங்கள் கோர்ட்டில் சொன்னால் அவர் உயிர் தப்புமா என்று கேட்டாள். பெரும்பாலும் தப்பும் என்றேன். "அப்பச் சொல்லுங்க. ஆனா அவருக்குத் தெரிய வேண்டாமுங்க சாமி" என்றாள். எனக்குப் புரியவில்லை. "அவரு அப்பனில்லாத பிள்ளைங்க. அண்ணன் முதுகுல தொங்கிக்கிட்டே வளந்தவரு. அண்ணன் தண்ணி திருடுனாங்கன்னு நெனைக்கறதாலதான் அவருக்குச் சோறு எறங்குது. திருடலீன்னு தெரிஞ்சா அவரு உசுரு இருந்தும் ஒண்ணுதான், போயும் ஒண்ணுதான்."

என்ன கொடுமை பாருங்கள். கழுத்தைக் காப்பாற்றுகிற அதே வார்த்தைதான் அவன் நெஞ்சை அறுக்கவும் போகிறது. வண்டியில் வரும்போது சுந்தரத்தோடு சண்டையே போட்டேன். சட்டம் படித்தவர்தானே, ஒரு வழி சொல்லுங்கள் மாப்பிள்ளை என்றேன். கடைசியில் வழி எனக்குத்தான் தோன்றியது. நீதிபதி வெள்ளைக்காரர். என் சாட்சியத்தை இங்கிலீஷில் சொல்லிவிடுகிறேன். கூண்டில் நிற்கிறவனுக்கு என்ன புரியப் போகிறது? சுந்தரம் ஏதோ சொல்ல வாயெடுத்து, பேசாமல் இருந்துவிட்டார். அவர் ஏன் பேசாமல் இருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வழக்கு நாளன்று செங்கோடனை முதல் முறையாகப் பார்த்தேன். ஒடிசலான ஆள். மார்பு கூடு தட்டி, இருமிக்கொண்டே நின்றான். ஆனால் நிமிர்ந்துதான் நின்றான். வேடிக்கை பார்க்க வந்திருந்தவர்களில் ஒருவர், "கொன்னுபோட்டு எப்படி நிக்கிறாம் பாரு, மாப்பிள்ளையாட்டம்" என்றது என் காதில் விழுந்தது. பின் வரிசையில் இரண்டு பெண்களும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் இங்கிலீஷில் ஆரம்பித்தேன். நீதிபதி நல்ல கேள்விகளாகக் கேட்டார். வெள்ளி ஏன் நடுச்சாமத்தில் வராது, குரு ஏன் வரும், தை மாதம் இரண்டும் எவ்வளவு நெருங்கி நின்றன, மலை எதை மறைத்தது, வானம் பழகாத ஒருவன் ஒன்றை மற்றதாக நம்புவது சாத்தியமா. சாத்தியம் மட்டுமில்லை, இயல்பு என்றேன். சர்க்கார் வக்கீல் எழுந்து, ஊரார் யாரும் ஏமாறவில்லையே என்றார். ஊரார் துறைமுகத்தில் வளர்ந்தவர்களல்ல என்றேன். நீதிபதி தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். ஆயிற்று, இறங்கிவிடலாம் என்று கூண்டுக் கம்பியைப் பிடித்தேன்.

நீதிபதி பேனாவை வைத்துவிட்டு, மொழிபெயர்த்துச் சொல்கிற குமாஸ்தாவைப் பார்த்தார். சாட்சி சொன்னதைக் கைதிக்கு அவன் மொழியில் சொல்லுங்கள் என்றார். அதுதான் சட்டமாம். ஒருவன் உயிரை வைத்துப் பேசுகிற பேச்சு அவனுக்குத் தெரியாமல் இருக்கக்கூடாதாம். நல்ல சட்டம். நான் சுந்தரத்தைப் பார்த்தேன். அவர் காகிதக்கட்டைப் பிரித்துக்கொண்டு தலை குனிந்திருந்தார். படுபாவி, தெரிந்தேதான் என்னை ஏற்றியிருக்கிறார்.

குமாஸ்தாவுக்குக் கணீரென்ற குரல். ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். "ஆகவே, உன் அண்ணன் காட்டியதே வெள்ளி. நீ பார்த்தது குரு. உன் அண்ணன் முறை தவறவில்லை. ஆனால் நீ அவ்வாறு நம்பியதில் வஞ்சகம் இல்லை என்கிறார் சாட்சி. விளங்கிற்றா?"

செங்கோடன் குமாஸ்தாவைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தான். "சாமி, ஒண்ணு கேக்கோணும்" என்றான். நீதிபதி கேட்கட்டும் என்றார்.

"அன்னிக்கு எங்கண்ணன் மலைப்பக்கம் கையை நீட்டி, 'கண்ணு, கோழி கூப்படற வரைக்கும் இரு, நெசமான வெள்ளி வரும், காட்டறேன்'னு சொன்னாருங்க. நான் இருக்கலீங்க." மூச்சு வாங்கியது அவனுக்கு. "அன்னிக்கு வந்துதுங்களா?"

இங்கிலீஷாவது ஒன்றாவது. என் வாயில் தமிழ்தான் வந்தது. "வந்ததப்பா" என்றேன். "விடியறதுக்கு முன்னாலே வந்தது."

அவன் அப்படியே கூண்டுக்குள் உட்கார்ந்துவிட்டான். போலீஸ்காரர் தூக்கி நிறுத்தப் பார்த்தார். முடியவில்லை. உட்காரட்டும் என்று நீதிபதி சைகை செய்தார். பின் வரிசையில் நல்லம்மாளின் அழுகைச் சத்தம் கேட்டது. பாவாயி என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

மறுநாள் தீர்ப்பு. தூக்கு இல்லை, சிறைதான். நாங்கள் வேண்டியது கிடைத்துவிட்டது. சுந்தரம் என் கையைப் பிடித்து அழுத்தினார். குமாஸ்தா இந்த முறை முகம் மலரவே செங்கோடனிடம் போனார். நல்ல சேதியைச் சொல்கிறவரின் குரலில், தூக்கு இல்லையப்பா, பிழைத்துக்கொண்டாய் என்றார். செங்கோடன் புரியாதவன் மாதிரி அவரைப் பார்த்தான். ராத்திரி முழுக்கத் தூங்காத முகம். சாப்பிடவும் இல்லை என்று காவலர் சொன்னார்.

"தூக்கு இல்லீங்களா?" என்றான்.

"இல்லையப்பா."

"ஏனுங்க," என்று குமாஸ்தாவை விட்டு நீதிபதியைப் பார்த்துக் கையைக் கூப்பினான், "எங்கண்ணனைக் கொன்னதுக்குக் கூடத் தூக்கு இல்லீங்களா?"

குமாஸ்தா அதை மொழிபெயர்க்கவில்லை. போலீஸ்காரர் அவன் கையைப் பிடித்து வெளியே அழைத்துக்கொண்டு போனார்.